லோடு சைக்கிளில் சரக்கும் ஆளும்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு

மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று தெற்குக் கரையிலும், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று வடக்குக் கரையிலும் சைக்கிளில் ஏறாத சரக்கு கிடையாது. மீன் பெட்டி, தண்ணீர்க் குடம், கருப்பட்டிச் சிப்பம், கரி மூட்டை, வலைப் பொதி, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளை, ஊசி போடப் போகும் பாட்டி எல்லாரும் எல்லாமும் அதே கேரியரில்தான். இத்தனையிலும் பாரம் கூடிப்போய் விழுகிற வண்டி குறைவு. கட்டு நெகிழ்ந்து சரக்கு ஒரு பக்கம் சரிவது, பிரேக் நனைவது, கால் கம்பிக்குள் போவது, ஸ்டாண்டு மணலில் புதைவது, இவைதான் ஆளைக் கவிழ்க்கும். ஆகவே எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கிலோ வண்டியில் எங்கே உட்கார்கிறது, வழியில் அசையுமா அசையாதா என்று கேளுங்கள்.

வண்டி எப்படி இருக்க வேண்டும்

இரும்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், டபுள் ஸ்டாண்டு உள்ள பழைய மாடல் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் இந்த வேலைக்குச் சரி. கியர் சைக்கிள் வேண்டாம். லேடீஸ் சைக்கிளில் குறுக்குக் குழாய் இல்லாததால், பின்னால் கனம் ஏறியதும் சட்டம் முறுக்கிக்கொடுக்கும். ஹேண்டில் ஒரு திசை பார்க்கும், பின்சக்கரம் வேறு திசை பார்க்கும். ஒரு குடம் தண்ணீர், ஒரு பை காய்கறி என்றால் பரவாயில்லை.

இந்த மாடலில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி இருக்கும். தினமும் லோடு அடிப்பவர்கள் பின்சக்கரத்துக்கு மட்டுமாவது 14 கேஜ் கம்பியை எடுத்துவிட்டு 12 கேஜ் போட்டுக்கொள்வது நல்லது. கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன் என்று அர்த்தம். ஹப்பின் துளையும், ரிம்மில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் சின்னத் திருகான நிப்பிளும் அதற்குப் பொருந்த வேண்டும். பொருந்தாமல் தட்டித் திணித்தால் கம்பியின் கழுத்து முதல் மாதமே அறும்.

கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். பெரும்பாலும் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கக் கம்பிதான் முதலில் அறும். ஒன்று அறுந்ததும் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளில் ஏறும். ‘இன்னும் 39 இருக்கே’ என்று ஓட்டினால் அடுத்தடுத்து அறுந்து, ரிம் எட்டுப் போட்டுவிடும்.

கேரியரின் கால்கள் பின் அச்சில் நட்டு போட்டு மாட்டியிருக்கும். கம்பியைத் தட்டையாக அடித்துத் துளை போட்டிருக்கும் அந்த நுனியைக் குனிந்து பாருங்கள். பெயின்ட்டில் முடி கனத்தில் ஒரு கோடு, கோட்டின் ஓரம் காவி நிறத்தில் துரு இருந்தால், உள்ளே இரும்பு விரிசல் விட்டுவிட்டது. அதன்மேல் வெல்டிங் வைத்தால் வெல்டுக்குப் பக்கத்தில் மறுபடி முறியும். காலையே மாற்றுங்கள், 40 கிலோவோடு கேரியர் டயர்மேல் உட்காருவதைவிட அது மலிவு.

பின் அச்சு நட்டு இரண்டும் இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்தால் செயின் இழுப்பில் அச்சின் வலது பக்கம் முன்னால் நகர்ந்து, டயர் இடது பக்கச் சட்டத்தில் உரசும். மேட்டில் மிதிக்கும்போது மட்டும் ‘சர் சர்’ என்று சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். லோடு நாளில் அந்த உச்ச அளவுக்கே அடியுங்கள். காற்று குறைந்த டயரில் பாரம் ஏறினால் பள்ளத்தில் விழும்போது ரிம்மின் இரு விளிம்பும் ட்யூபைக் கடித்து, பாம்பு கொத்தின மாதிரி பக்கத்துப் பக்கம் இரண்டு துளை விழும். பஞ்சர் கடைக்காரர் இரட்டைத் துளையைக் காட்டினால் ஆணியையோ முள்ளையோ தேட வேண்டாம், பம்பை எடுங்கள்.

எவ்வளவு, எங்கே

சாதாரணக் கம்பிக் கேரியருக்கு எங்கள் கணக்கு 25 கிலோ. பட்டை இரும்பில் செய்து இரு பக்கமும் அச்சில் கால் இறக்கிய லோடு கேரியர் என்றால் 60 கிலோ வரை ஓட்டலாம். அதற்கு மேலும் ஏற்றுகிறார்களே என்றால், கவனித்துப் பாருங்கள், அவர்கள் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு போகிறார்கள். தள்ளுகிற சுமையின் கணக்கு வேறு.

தராசு இல்லாமலே எடை தெரிந்துகொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் 15 கிலோ. அரிசிச் சிப்பம் 25, சிமெண்ட் மூட்டை 50. வீட்டு காஸ் சிலிண்டரில் காஸ் 14.2 கிலோ. காலி எடை அதன் மேல்வளையத்தில் எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் 30 கிலோவை ஒட்டி வரும். அதை நிமிர்த்தியே வைத்து, மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு போடுங்கள். ஏமாற்றுவது ஈர வலைதான். காய்ந்த வலையை ஏற்றிப் பழகியவர் அதே பொதியைக் கடலிலிருந்து வந்த கையோடு ஏற்றினால் வண்டி வேறு வண்டியாகிவிடும்.

பாரத்தின் நடுப்பகுதி பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது அதற்கு அரைச் சாண் முன்னால் வர வேண்டும். அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் கையில் நடுங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சரக்கைக் கட்டி முடித்து ஸ்டாண்டை எடுத்த பிறகு, ஹேண்டிலின் நடுவை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். முன்சக்கரம் சிரமமில்லாமல் எழும்பினால் கட்டை அவிழ்த்து, சரக்கை சீட்டுப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள்.

உயரமும் அப்படித்தான். அதே 30 கிலோவை கேரியருக்கு இரு பக்கமும் தொங்கவிட்டால் வண்டி அடங்கி நிற்கும். கேரியரின் மேல் அடுக்கினால் சின்ன வளைவிலும் சாயும். கனமானது அடியில், லேசானது மேலே. சரக்கின் உச்சி உங்கள் தோளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்பிப் பின்னால் பார்க்கவும் முடியாது.

ஹேண்டிலில் பை மாட்டுவதை விட்டுவிடுங்கள். ஆடுகிற பை ஒரு நாள் முன்சக்கரக் கம்பிக்குள் போகும். சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் தாண்டி முகம் குப்புற விழுவார். இரண்டு கிலோ மீன் பைக்கும் இது பொருந்தும்.

கட்டு

கயிறு வேறு, வார் வேறு, இரண்டும் வேண்டும். கயிறு சரக்கைப் பிடிக்க, வார் கட்டை இறுக்கமாக வைத்திருக்க. மூட்டை எதுவானாலும் வழியில் குலுங்கி அமுங்கும். அமுங்கியதும் நைலான் கயிறு தொளதொளவென்று ஆகிவிடும். பழைய லாரி ட்யூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக அறுத்த வார் சுருங்கி அந்த இடைவெளியை எடுத்துக்கொள்ளும். வாரை மட்டும் நம்பினால் பள்ளத்தில் சரக்கு எகிறிக் குதிக்கும். ஈரமான நைலான் வழுக்கும் என்பதால் முடிச்சை இரண்டு தடவை போடுங்கள். வெயிலும் உப்பும் பட்ட வாரை இழுத்துப் பார்த்தால் மேலே பொடிப் பொடியாக வெடிப்பு தெரியும், அதைக் குப்பையில் போடுங்கள்.

கட்டும் முறை இது. கயிற்றின் ஒரு முனையைக் கேரியரின் முன்பக்கக் குறுக்குக் கம்பியில், சீட்டுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். சரக்கின் மேலாகப் போட்டு மறுபக்கம் இறக்கும்போது, பாதி வழியில் அவிழ்க்க வருகிற மாதிரி ஒரு கண்ணி போடுங்கள். மீதிக் கயிற்றைக் கேரியரின் பக்கக் கொக்கியில் கொடுத்து, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுங்கள். நேராக இழுத்துக் கட்டுவதைவிட இது நன்றாக இறுகும். இறுகியதும் கண்ணியின் அடியில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு சுருக்கு போடுங்கள். வள்ளத்தில் வேலை பார்த்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவரைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னாலும் சரி. இதேபோல் குறுக்காக இன்னொரு கட்டு. அதன்மேல் வார். மிச்சக் கயிற்று நுனியைக் கட்டுக்குள் செருகாமல் விட்டால் அது சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

பிறகு சரக்கைப் பிடித்து பக்கவாட்டில் ஆட்டுங்கள். வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும். சரக்கு மட்டும் ஆடினால் கட்டு போதாது. கிளம்பி இருநூறு அடி போனதும் ஒரு தடவை இறங்கி, கட்டை மறுபடி இறுக்குங்கள். அமுங்க வேண்டியது அதற்குள் பாதி அமுங்கியிருக்கும்.

துடுப்பு, மூங்கில், பனங்கட்டை மாதிரி நீளமானதைக் குறுக்காகக் கட்டவே கூடாது. செயின் இல்லாத இடது பக்கமாக, குறுக்குக் குழாயை ஒட்டி நீளவாக்கில் கட்டி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், பெடலையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயும் முட்டக் கூடாது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி.

தண்ணீரும் மீனும்

இந்த இரண்டும் தனியாகச் சொல்ல வேண்டியவை, ஏனென்றால் இரண்டுமே ஓடும் சுமை.

அரைக் குடம் தண்ணீர் முழுக் குடத்தைவிட மோசம். திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கம் அலைந்து போய்ச் சுவரில் மோதும். நீங்கள் ஹேண்டிலை நேராக்கியபின் அது திரும்பி வந்து மறுபக்கம் இடிக்கும். குடத்தைக் கழுத்து வரை நிரப்பி மூடி போடுங்கள். நிரப்பத் தண்ணீர் இல்லை என்றால் இரண்டு அரைக் குடத்தை ஒரே குடமாக்குங்கள். குடம் மாட்ட இரு பக்கமும் வளையம் வைத்த இரும்புச் சட்டம் அடித்துக்கொண்டால், பக்கத்துக்கு இரண்டாக நான்கு குடம், 60 கிலோ. அதுவே எல்லை. கேரியர் நடுவில் ஐந்தாவது வேண்டாம்.

குடத்தோடு வண்டி கவிழ்வது ஓடும்போது இல்லை, வாசலில்தான். இறக்கும்போது ஒரு பக்கத்து இரண்டையும் முதலில் தூக்கிவிடுவார்கள், மறுபக்கத்து 30 கிலோ டபுள் ஸ்டாண்டைப் புரட்டிவிடும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இறக்குங்கள். ஏற்றும்போதும் அப்படியே.

ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டோ ஓட்டுச் சில்லோ இல்லாமல் மணலில் லோடு வண்டியை நிறுத்தாதீர்கள். முதலில் நேராக நிற்கும், ஒரு கால் மெல்லப் புதையும், பிறகு சாயும். ஹேண்டில் மடங்கினாலும் வண்டி சாயும். அதற்கு ஒரு வாரை முன்சக்கரத்துக்கும் சட்டத்தின் கீழ்க்குழாய்க்கும் சேர்த்துச் சுற்றிவிடுங்கள். இன்னொரு சின்ன வாரை பிரேக் பிடியையும் ஹேண்டிலையும் சேர்த்து மாட்டினால் சக்கரம் உருளாது. இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிஷம் ஆகாது.

மீன் பெட்டிக்கு வருவோம். ஐஸ் கரையக் கரையப் பெட்டியின் அடியில் தண்ணீர் சேரும். அதை வெளியே விட அடியில் ஓட்டை போடுவார்கள், அது சரிதான், தேங்கினால் குடத்தின் கதைதான். ஆனால் அந்த ஓட்டை எங்கே சொட்டுகிறது என்று பார்க்கிறவர் குறைவு. பெரும்பாலான பெட்டிகளில் அது நேராகப் பின் ரிம்மின் மேல் சொட்டும். மீன் தண்ணீரில் வழவழப்பும் உண்டு, எண்ணெய்ப் பசையும் உண்டு. சாளை, அயிலை ஏற்றிய நாளில் கேட்கவே வேண்டாம். ரிம்மும் பிரேக் கட்டையும் அதில் ஊறிய பிறகு பிரேக் பிடித்தால் சறுக்கிக்கொண்டு போகும், பிடிக்காது. டயரிலும் சொட்டினால் வளைவில் வழுக்கும். ஓட்டையைப் பெட்டியின் பின் மூலையில் போட்டு, அதில் ஒரு முழ நீளத்துக்கு பிளாஸ்டிக் குழாய் செருகி, மட்கார்டுக்கு வெளியே, டயருக்கு எட்டாமல் தொங்கவிட்டு நுனியைக் கட்டிவிடுங்கள். விற்று முடித்து வந்ததும் ரிம்மின் இரு ஓரத்தையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, பிரேக் கட்டையின் முகத்தை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுங்கள். மறுநாள் காலை பிரேக் கிறீச்சிட்டுப் பிடிக்கும்.

மீன் எவ்வளவோ ஏறக்குறைய அந்த அளவுக்கு ஐஸும் எடை கூட்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இருபது கிலோ மீன் என்று சொல்லி ஏற்றுவது பெட்டியோடு நாற்பதைத் தாண்டும்.

ஆள் ஏற்றினால்

மூட்டை அசையாது, ஆள் அசைவார். இதைத் தவிர மற்ற எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

தானாக உட்காரத் தெரியாத, தலை நிற்காத குழந்தையை எந்தச் சீட்டிலும் ஏற்ற வேண்டாம். ஒரு வயதுக்குள் சைக்கிளே வேண்டாம். அதற்கு மேல் நாலு வயது வரை, முதுகு தாங்கியும் இடுப்புப் பட்டையும் கால் வைக்க மூடிய தட்டும் உள்ள சீட்டு வேண்டும். முன் குறுக்குக் குழாயில் மாட்டும் கம்பிக்கூடைச் சீட்டு பரவலாகக் கிடைக்கிறது. வாங்கினால் கால் தட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். திறந்திருந்தால் குழந்தையின் கால் முன்சக்கரத்துக்கு இறங்கும்.

குழந்தையை கேரியரில் ஏற்றும்போது நடக்கிற காயத்துக்கு ஒரே வடிவம்தான் உண்டு. தூக்கம் வரும், கால் தளரும், குதிகால் பின்சக்கரக் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே போகும். கம்பி தோலை உரித்து, குதிகால் நரம்பு வரை வெட்டிவிடும், சில சமயம் எலும்பும் முறியும். வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும், எனவே மஞ்சள் பத்து போட்டு வீட்டில் வைத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும். கால் கம்பிக்குள் மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், வராவிட்டால் கம்பியை வெட்டுங்கள்.

இது வராமல் தடுப்பது சுலபம். பின்சக்கரத்தின் இரு பக்கமும், அச்சிலிருந்து மட்கார்டு வரை வலைத் தடுப்பு போடுங்கள். கடையில் சேலை கார்டு என்று கேட்டால் இடது பக்கத்துக்கு மட்டும் கொடுப்பார்கள், வலது பக்கத்துக்கும் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத ஊரில் தடித்த பிளாஸ்டிக் வலையை அளவாக வெட்டி, மட்கார்டு கம்பியிலும் கேரியர் காலிலும் கட்டுக்கம்பியால் கட்டலாம். கட்டுக்கம்பியின் நுனியை உள்ளே மடக்கிவிட வேண்டும். அப்புறம், அச்சின் இரு பக்கமும் கால் வைக்கும் குத்துக்கட்டை. கால் வைக்க இடம் இருந்தால்தான் கால் அங்கே இருக்கும்.

சேலையிலும் புர்காவிலும் உட்காருகிறவர்கள் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள். அது இடது பக்கமாக இருக்கட்டும், சாலையில் வாகனம் வருவது வலது பக்கம். இடது பக்கமே பாரம் தொங்குவதால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பழகாத ஓட்டுநர் முதலில் வெறும் சந்தில் ஓட்டிப் பார்க்கட்டும். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிய பிறகே நகருங்கள். கடற்கரையில் காற்று துணியைத் தூக்கிக்கொண்டே இருக்கும், ஆகவே கையால் பிடித்துக்கொள்கிறேன் என்பது நடக்காது. அந்தக் கை சீட்டைப் பிடிக்க வேண்டிய கை.

சர்க்கரை நோய் பல வருஷமாக உள்ள பெரியவர்களை ஏற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். செருப்பு கழன்றதும் தெரியாது, விரல் கம்பியில் உரசுவதும் தெரியாது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு வார் வைத்த செருப்பு, இரு பக்கமும் தடுப்பு, குத்துக்கட்டை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஷேர் ஆட்டோ.

ஏறுவது எப்படி என்பதிலும் ஒழுங்கு உண்டு. ஓட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்னால் ஏறுவது. ஓடுகிற வண்டியில் துள்ளி ஏறுவது சினிமாவுக்குச் சரி. இறங்கும்போது பின்னால் இருப்பவர் முதலில். குழந்தையை சீட்டில் வைத்து ஸ்டாண்டு போட்டுவிட்டு ‘ஒரு நிமிஷம்’ என்று கடைக்குள் போகக் கூடாது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் அது எட்டி மிட்டாயைக் காட்டும், வண்டியோடு விழும்.

ஆள் என்றால் ஆள் மட்டும், சரக்கு என்றால் சரக்கு மட்டும். மீன் பெட்டியின் மேல் பிள்ளையை உட்காரவைப்பது நம் ஊர் வழக்கம், விட வேண்டிய வழக்கம்.

ஓட்டும்போது: பிரேக், மணல், காற்று

பின்னால் சுமை இருக்கையில் காலைப் பின்பக்கமாகச் சுற்றிப் போட்டு ஏற முடியாது. திண்ணை, படி, மைல்கல் ஏதாவது ஒன்றின் ஓரம் வண்டியை நேராக நிறுத்தி, அதன்மேல் நின்று, சீட்டுக்கு முன்னால் காலைத் தூக்கிப் போடுங்கள். சீட்டை வழக்கத்தைவிடத் தாழ்த்திக்கொண்டால் இரு பாதமும் தரையில் ஊன்றும். லோடு வண்டிக்கு அது அவசியம்.

எடை இரட்டித்தால் நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலையும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் அந்த வேலை நான்கு மடங்காகும். எனவே எடையைக் குறைக்க முடியாதபோது வேகத்தைக் குறையுங்கள். ஓட்டிக்கொண்டே மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். பாரம் பின்னால் இருப்பதால் பின் பிரேக் நன்றாகப் பிடிக்கும், அதை முதலில் பிடித்து முன் பிரேக்கைக் கூடச் சேருங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை லேசாக உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் திறந்த 9.5 கிலோமீட்டர் சாலையில், தாரின்மேல் காற்று மணலை வாரிக்கொண்டுவந்து போட்டிருக்கும். மணல் திட்டு தெரிந்தால் அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காமல் ஹேண்டிலும் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். ஒரு விரல்கடை ஆழத்துக்கு மேல் மணல் என்றால் இறங்கித் தள்ளுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கேரியரில் கட்டிய காலி ட்ரே பறக்கும். கரி மூட்டை, பனை ஓலை, தெர்மோகோல் பெட்டி எல்லாம் எடை குறைவு, காற்றுக்குக் காட்டும் பரப்பு அதிகம். சுமை லேசு என்று நினைக்கிற அன்றைக்குத்தான் காற்று ஆளைத் தள்ளும்.

பாம்பன் சாலைப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் திறந்தது, 2.345 கிலோமீட்டர், கிட்டத்தட்ட கிழமேலாகப் போகிறது, நடுவில் கப்பல் போக உயர்ந்திருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகையில் அது வலது பின்பக்கமாக வந்து உங்களை இடது ஓரத்துக்குத் தள்ளும், சமாளிக்கலாம். திரும்பி வருகையில் அதே காற்று இடது முன்பக்கமாக வந்து உங்களை நடுச்சாலைக்கு, பஸ்ஸுக்கு முன்னால் தள்ளும். வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழ், போகும்போதுதான் ஆபத்து. போதாக்குறைக்கு, கடல் பார்க்க நிறுத்திய கார்கள் இடது ஓரத்தை அடைத்திருக்கும், அவற்றைச் சுற்றப் போனால் நடுவுக்கு வந்தே ஆக வேண்டும். பரப்பான சுமையைக் காற்று எழும்பாத அதிகாலையில் கொண்டுபோங்கள், அல்லது அந்த ஒரு பாலத்துக்கு மட்டும் வேனில் போட்டுவிடுங்கள்.

பெரிய வண்டி முந்தும்போது முதலில் வெளியே தள்ளும், அது கடந்ததும் தன் பக்கம் இழுக்கும். இழுப்பில்தான் ஆள் தடுமாறுவார். பின்னால் லாரிச் சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்தி, முழங்கையை லேசாக மடக்கிக்கொண்டு நேர்கோட்டில் போங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும்.

காற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தால், காற்று மறைவுப் பக்கம் நின்று இடுப்பில் வண்டியைச் சாய்த்துத் தள்ளுவது எளிது. ஆனால் அந்தப் பக்கம் சாலையின் நடுப்பக்கமாக இருந்தால் செய்யாதீர்கள். ஓரமாக நிறுத்தி, காற்று தணியக் காத்திருங்கள்.

மூன்று சக்கர வண்டி

மேடை வைத்த மூன்று சக்கர வண்டி நிற்கும்போது விழாது, திரும்பும்போது விழும். இரண்டு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து சமாளிக்கும், இது சாய முடியாது. ஆகவே வளைவுக்கு முன்னாலேயே நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள், நடுவில் பிரேக் பிடிக்காதீர்கள். ஆளை ஏற்றினால் மேடையின் விளிம்பில் காலைத் தொங்கப் போட விடாமல், நடுவில், அச்சுப் பக்கமாக உட்காரவையுங்கள். பல வண்டிகளில் ஒரே பிரேக்தான் இருக்கும். அப்படிப்பட்டதைப் பாலத்தின் இறக்கத்தில் லோடோடு ஓட்ட வேண்டாம், முன்னால் ஒருவர் பிடிக்க இறங்கித் தள்ளுங்கள். நிறுத்தும் இடத்தில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

முள்ளும் உப்பும்

நம் பக்கம் பஞ்சருக்கு ஆணியைவிட சீமைக் கருவை முள்தான் காரணம். முள் டயருக்குள் முறிந்து நின்றுவிடும். ட்யூபை ஒட்டிப் போட்டதும் அதே இடத்தில் மறுபடி குத்தும். ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுவதும் ஒரு துணியைச் சுற்றித் தேய்த்துக்கொண்டு வாருங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தேடினால் விரல் கிழியும். கருவை விறகு ஏற்றிப் போகிறவர்கள் ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே பழைய ட்யூபை நீளவாக்கில் அறுத்து ஒரு சுற்று போட்டுக்கொள்ளலாம். வழியில் காற்று இறங்கினால் சுமையை இறக்கிவிட்டுத்தான் வண்டியைத் தள்ள வேண்டும். தட்டையான டயரில் 50 கிலோவோடு ஒரு ஃபர்லாங் தள்ளினால் ட்யூப், டயர், ரிம் மூன்றும் போய்விடும்.

உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது நிப்பிள், கேரியர் நட்டு, பிரேக் ராடின் மூட்டு, பெல்லின் திருகு. கழுவ வேண்டியது நல்ல தண்ணீரில். உவர்த் தண்ணீரில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். நல்ல தண்ணீர் குடிக்கவே இல்லை என்றால் ஒரு செம்பு போதும், துணியை நனைத்துப் பிழிந்து இந்த நான்கு இடத்தையும் துடையுங்கள். காய்ந்த பிறகு வேஸ்ட் ஆயில் தொட்ட துணியால் கேரியர் கால், நட்டு, கம்பி, செயின் ஆகியவற்றை மட்டும் ஒரு துடைப்பு. ரிம்மின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது, அங்கே எண்ணெய் பட்டால் பிரேக் இல்லை. செயினுக்கு அதிகம் ஊற்றினால் மணல் ஒட்டிக்கொண்டு பல்லை அரைத்துவிடும், தடவிவிட்டுக் கையில் ஒட்டாத அளவுக்குத் துடைத்தெடுங்கள்.

பையில் 15-க்கு 17 ஸ்பேனர் ஒன்று, மூன்று முழ வார் இரண்டு, உப்புத்தாள், ஒட்டுத் துண்டும் சொல்யூஷனும், வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயான வால்ட்யூப் அரைச் சாண், சின்னப் பம்பு, ஒரு கேரியர் நட்டு வாசரோடு இருக்கட்டும். கேரியர் நட்டு கழன்று விழுந்து வழியில் தேடுகிறவர்கள் அதிகம், மணலில் விழுந்த நட்டு கிடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.